மண்சுவர் வீட்டில் ஆணி அடிப்பது முதல் கதவு நிலை இறுக்குவது வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தாத்தா பச்சைச் செங்கல் அறுத்துக் கட்டிய வீடு; ஒன்றரை அடிச் சுவர், கூரைக்குப் பனங்கை என்னும் பனைமரச் சட்டங்கள், நாட்டு ஓடு. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததைத் திறந்து, பழுது பார்த்து, இப்போது குடும்பத்தோடு அதில்தான் குடியிருக்கிறோம். வீட்டைப் பார்க்க வருகிறவர்களும், தங்கள் ஊரில் இதேபோல் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தவிக்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சுவர் உறுதியாகத்தான் நிற்கிறது, ஆனால் அதில் எதை மாட்டினாலும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறதே என்பதுதான் எல்லோருடைய குறையும். அதற்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் செய்து பார்த்தவை, அல்லது தவறாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டவை.

மண்சுவரில் ஆணி ஏன் நிற்பதில்லை?

சுட்ட செங்கலிலோ கான்கிரீட்டிலோ ஆணியைச் சுற்றியுள்ள பொருள் கடினமாக இருந்து அதைக் கவ்விப் பிடிக்கிறது. மண்சுவரில் மணல் துகள்களைக் காய்ந்த களிமண் ஒட்டிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சுத்தியல் அடி விழும்போது அந்த ஒட்டு உடைகிறது. ஆணியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மண் பொடியாகிவிடுகிறது. அடித்த அன்று இறுகியதுபோலத் தோன்றும். கதவு அடித்துச் சாத்தப்படும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொடி கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

நாங்கள் குடிவந்த முதல் மாதம் கூடத்தில் நான்கங்குல ஆணி அடித்துச் சுவர்க் கடிகாரம் மாட்டினேன். ஆறாம் நாள் இரவு பெரிய சத்தம். எழுந்து பார்த்தால் கடிகாரம் தரையில், ஆணி அதன் பக்கத்தில், சுவரில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பள்ளம். ஆணியில் ஒரு துளி மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

எனக்குச் சுவர் பூசச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், மறுநாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: “மண்சுவர் தலைச்சுமை சுமக்கும், கையில் தூக்கிக்கொண்டு நிற்காது.” கூரையின் முழுப் பாரத்தையும் அது தலையில் ஏற்றிக்கொண்டு மூன்று தலைமுறையாக நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன முனையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை: பாரத்தைக் கூரை மரத்துக்கோ தரைக்கோ அனுப்புங்கள். சுவரில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், முனையில் இழுக்காமல் பரவலாகப் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மறைவான மூலையில் பூச்சைச் சாவியால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். செங்கல் வடிவமும் இடையில் சாந்துக் கோடும் தெரிந்து, கல்லும் நகத்தால் கீறுபட்டால் அது பச்சைச் செங்கல். கோடே தெரியாமல் ஒரே மண்ணாக இருந்தால், மண்ணைப் பிசைந்து ஓரடி ஒன்றரையடியாக ஏற்றிக் காயவிட்டு எழுப்பிய சுவர். தட்டினால் பொத்தென்று ஒலித்து, உள்ளே மூங்கிலோ சுள்ளியோ தென்பட்டால் தட்டி கட்டி மண் அப்பியது. அதில் எதையும் மாட்டாதீர்கள், மூங்கில் சட்டத்தில் மட்டும் கட்டலாம்.

பலரையும் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. சுட்ட செங்கல்லை மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். கல் கெட்டியாக இருப்பதால் காரைச் சுவர் என்று நினைத்து ஓங்கித் துளை போடுவார்கள். கல்லே முழுதாக ஆடிவிடும்.

ஆரோவில் முறையில் செம்மண்ணோடு 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்த மண்கட்டிகள் வேறு இனம். அவற்றை நனைத்தாலும் கரையாது. கட்டியின் நடுவில் துளையிட்டு, சிறு பாரங்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிளக் வைக்கலாம். இந்தப் பக்கத்தில் மற்றபடி நான் சொல்வதெல்லாம் சிமென்ட் கலக்காத மண்சுவருக்கு.

காலண்டர், சாமி படம் போன்ற சின்னப் பொருள்களுக்கு என்ன செய்வது?

காலண்டருக்கு மெல்லிய, நீளமான ஆணி போதும். நேராக அடிக்காமல், தலை மேலே இருக்கும்படி, உள்ளே போகும் முனை கீழ்நோக்கிச் சாயும்படி மெதுவாகச் செலுத்துங்கள். ஆணியை எண்ணெயில் தொட்டுக்கொண்டால் மண் குறைவாகத்தான் நொறுங்கும்.

படங்கள் நிறைய இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம். எங்கள் கூடத்தில் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, பனங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு வேப்பஞ்சட்டத்தை ஓடவிட்டு, அதைப் பனங்கைகளோடு கம்பியால் கட்டியிருக்கிறேன். படங்கள் எல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து கயிற்றில் தொங்குகின்றன. சட்டம் போட்டு முடிக்க அரை நாள் ஆனது. எத்தனை முறை இடம் மாற்றினாலும் சுவரில் ஒரு துளைகூட இல்லை.

கட்டாயம் சுவரில்தான் பொருத்த வேண்டும். உறுதியான வழி எது?

மரக்கட்டை பதிப்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை சரியாகப் பதித்துவிட்டால் பிறகு அந்த இடத்தைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை.

நன்றாகக் காய்ந்த வேம்பு, தேக்கு, அல்லது வைரம் பாய்ந்த பனையில் ஆறு அங்குல நீளக் கட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்முகம் இரண்டு அங்குலச் சதுரம், பின்முகம் மூன்றரை அங்குலச் சதுரம். அதாவது பின்னால் போகப்போக அகல வேண்டும். பக்கங்களை வழவழவென்று இழைக்காதீர்கள். உளியால் குறுக்கே நாலைந்து கொத்து கொத்திவிட்டால் மண் அதில் நன்றாகப் பிடிக்கும். முன்முகம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் வேப்பெண்ணெயோ தாரோ பூசிக் காயவிடுங்கள். இதற்குக் காரணம் கரையான் மட்டும் இல்லை. ஈரமண் பட்டதும் எதுவும் பூசாத மரம் நீரை உறிஞ்சி உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். சுருங்கியதும் சுற்றிலும் இடைவெளி விழுந்து கட்டை ஆடத் தொடங்கும். நான் பதித்த முதல் கட்டை அப்படித்தான் போனது.

அடுத்து சுவர். நான்கு அங்குல வாய் குறித்து, உளியால் கொத்தி ஏழு அங்குல ஆழத்துக்குக் குடையுங்கள். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம், உளியைக் கையால் திருகித் திருகிச் சுரண்டினாலே மண் வரும். உள்ளே போகும்போது குழியை ஐந்து அங்குலத்துக்கு அகலமாக்குங்கள். வாய் சிறுத்து வயிறு பெருத்த குடம்போல இருக்க வேண்டும். பொடியை எல்லாம் ஊதி எடுத்துவிட்டு, குழியின் உட்புறத்தில் தண்ணீர் தெளித்து, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தூரிகையால் பூசுங்கள். கட்டையின் அகன்ற முகம் உள்ளே போகட்டும். சுற்றிலும் உள்ள இடைவெளியில் வைக்கோல் கலந்த கெட்டி மண்ணையும் உடைந்த ஓட்டுச் சில்லுகளையும் மாறி மாறி வைத்து, ஒரு குச்சியால் இடித்து இடித்து நிரப்புங்கள். மண் இளகலாக இருந்தால் காயும்போது விட்டுவிடும். உருண்டை பிடித்தால் கையில் ஒட்டாத பதம்தான் சரி.

மூன்று வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு கட்டையின் முகத்தில் மெல்லிய துளை போட்டு இரண்டரை அங்குலத் திருகாணியை முடுக்குங்கள். இனி யாராவது இழுத்தால், அகன்ற பின்பக்கம் சில்லு நிரப்பிய மண்ணில் போய் இறுகும். அந்த மண்ணும் குழியின் குறுகிய வாயில் போய் இறுகும். இழுக்க இழுக்க இறுகுகிற அமைப்பு இது. எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் இப்படிப் பதித்த இரண்டு கட்டைகளில்தான் சைக்கிள் தொங்குகிறது.

டிரில் மெஷின் பயன்படுத்தலாமா? பிளக், போல்ட், பசை இவை பலன் தருமா?

டிரில் பயன்படுத்தலாம், ஆனால் சுத்தியல் படம் போட்ட நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த அதிர்வு சுவரின் மறுபக்கப் பூச்சையும் சேர்த்து உதிர்க்கும். மரத்துக்கு உரிய சாதாரணச் சுழற்சியே போதும். துளையிலிருந்து வரும் மண்ணைக் கவனியுங்கள். பொடியாகக் கொட்டினால் சுவர் காய்ந்திருக்கிறது. டிரில் முனையில் களியாக ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். வேலையை நிறுத்திவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்.

பிளாஸ்டிக் பிளக்கும், முடுக்கினால் விரியும் இரும்பு போல்ட்டும் மண்சுவருக்குச் சரிப்படாது. அவை விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குவதால்தான் நிற்கின்றன. மண் அந்த நெருக்கலில் நொறுங்கிப் போகும். குழாயில் வரும் இரசாயனப் பசை, துளையின் உள்முகத்து மண்ணோடு கெட்டியாக ஒட்டும். பிறகு அந்த மண்ணையே உருளையாகப் பெயர்த்துக்கொண்டு வரும். துளையில் சிமென்ட் அடைத்து ஆணி அடிப்பதும் அப்படியே.

கனமான பொருளுக்குக் கட்டை போதாது என்றால், சுவரை முழுவதும் ஊடுருவும் மரையிட்ட இரும்புக் கம்பியைப் போட்டு, இரண்டு பக்கமும் கையளவு அகலத் தகடு வைத்து நட்டு முடுக்கலாம். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரப்பலகைத் துண்டு வையுங்கள். நட்டைக் கை இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றோடு நிறுத்துங்கள்; இன்னும் முடுக்கினால் தகடு மண்ணுக்குள் அமுங்கும்.

அலமாரி?

மாடம் இருக்கும்போது அலமாரி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பழைய மண்வீட்டுக்காரர்கள் சுவரில் எதையும் தொங்கவிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விளக்குக்கு மாடம், தானியத்துக்குக் குதிர், தயிர்ப் பானைக்கு உத்திரத்திலிருந்து உறி, சாமான்களுக்குப் பரண், துணிக்கு மூங்கில் கொடி. வசதி இல்லாததால் அப்படி வாழ்ந்தார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான், அவர்கள் சுவரின் குணத்தைத் தெரிந்து வாழ்ந்தார்கள் என்று புரிந்தது.

இருக்கிற சுவரில் புதிதாக மாடம் குடைவதாக இருந்தால் ஓரடி அகலத்துக்கு மேல் போகாதீர்கள். சுவர்க் கனத்தில் பாதிக்கு மேல் ஆழம் வேண்டாம். மேல்விளிம்பைத் தட்டையாக விடாமல் வில்லாக வளையுங்கள். மூலையிலிருந்தும் கதவு சன்னலிலிருந்தும் தள்ளியே குடையுங்கள். புத்தகம், பாத்திரம் என்று பாரம் அதிகம் இருந்தால் தரையில் நிற்கும் அலமாரிதான் நல்லது. அது முன்னால் சாயாமல் இருக்க மேலே ஒரே ஒரு கட்டையில் பிடித்தால் போதும். எடை முழுவதும் தரைக்குப் போய்விடும்.

சீலிங் ஃபேன், ஊஞ்சல், குழந்தைத் தூளி?

இவை கூரை மரத்தின் வேலை. தூளிக்கு, எங்கள் பக்கத்தில் ஏணை என்போம், உத்திரத்தில் பழைய இரும்பு வளையம் இருந்தால் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்து, துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஃபேன் கொக்கியை மரத்தில் திருகாதீர்கள். சுழற்சி அதிர்வில் திருகு தானாகத் தளரும். உத்திரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு அதில் கொக்கியை மாட்டுங்கள். ஊஞ்சலுக்கு உத்திரம் எவ்வளவு கனம், சுவரில் எவ்வளவு தூரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு நல்ல தச்சர் வந்து பார்த்துச் சொல்லட்டும். ஊஞ்சல் ஆடும்போது பாரம் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, உத்திரத்தை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்த இழுப்பு நேராகச் சுவரின் தலைக்குப் போகும்.

சுவரில் மாட்டும் ஃபேனை நான் எடுத்துவிட்டேன். மேசை ஃபேனே போதுமானதாக இருக்கிறது.

கதவைச் சாத்தினால் நிலையே ஆடுகிறது. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாமா?

வேண்டாம். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், இதனால்தான் அடுத்த ஆண்டு நிலையோடு சேர்த்துச் சுவரும் விட்டுப்போகிறது. சிமென்ட் கெட்டி, மண் மென்மை. கதவு அடிக்கும் ஒவ்வொரு அதிர்வையும் சிமென்ட் அப்படியே மண்ணின் மேல் தள்ளிவிடுகிறது. இரண்டும் சேரும் கோட்டில் முதலில் மயிரிழை விரிசல் விழும், மழைக்காலத்தில் அதில் ஈரம் இறங்கும், அதன்பின் சிமென்ட் தனிப் பாளமாகவும் மண் தனியாகவும் பிரிந்துவிடும்.

முதலில் நிலை ஏன் ஆடுகிறது என்று பாருங்கள். கதவின் கனமா, கீழே உரசுவதா, காற்றில் அடிப்பதா? கீல் திருகைச் சரிசெய்து, கதவு வந்து மோதும் இடத்தில் ஒரு ரப்பர் கட்டையை வைத்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிறகு நிலையைச் சுற்றித் தளர்ந்த மண்ணை முழுவதும் சுரண்டி எடுங்கள். நிலை நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நான்கு மூலைக்கு அருகிலும் இரண்டிரண்டு மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகி இறுக்குங்கள். அடுத்தது நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை. கடையில் கிடைக்கும் குட்டையான பட்டை மண்சுவருக்குப் பற்றாது. ஓரடி நீளத்தில், முனை இரண்டாகப் பிரிந்து மேலும் கீழும் மடங்கியதாகப் பட்டறையில் அடித்து வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் சுவரில் குழி எடுத்து, உள்ளே இரண்டு சுட்ட செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து, அவற்றுக்கு நடுவில் பட்டையின் முனையைப் புதையுங்கள். இழுப்பைச் செங்கல் வாங்கி மண்ணுக்குப் பரப்பிவிடும். சுண்ணாம்பு சிமென்ட் அளவுக்கு முரடு பிடிப்பதில்லை, மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்துகொடுக்கும்.

மீதி இடைவெளியில் வைக்கோல் மண்ணை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக, முந்தைய அடுக்கு இறுகிய பிறகு அடுத்ததை வைத்து நிரப்புங்கள். எல்லாம் காய்ந்தபின் நிலைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கோடு விழத்தான் செய்யும். அதன் மேல் ஒரு மரப்பட்டையை நிலையோடு சேர்த்து அடித்து மறைத்துவிடலாம்.

இரும்புக் கிரில் கதவு போட நினைக்கிறோம்.

சுவரில் கீல் வைக்காதீர்கள். வாசலின் இரு பக்கமும் கல்தூணோ இரும்புத் தூணோ தரையில் இரண்டடி ஆழத்துக்குப் புதைத்து, கிரிலை அதில் மாட்டுங்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

மின்சாரப் பெட்டி, சுவிட்ச் போர்டு எப்படி?

எங்கள் வீட்டில் முதலில் வேலை செய்ய வந்தவர் சுவரில் நீளமாகக் காடி வெட்டிக் குழாய் பதிக்கத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் கூடத்துச் சுவரில் இடமிருந்து வலமாக மூன்றடிக்குப் பள்ளம். அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். மண்சுவரில் கிடைமட்டக் காடி என்பது, மேலிருந்து வரும் பாரத்துக்கு அந்த இடத்தில் சுவரின் கனத்தைக் குறைப்பது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாக, ஆழம் குறைவாக வெட்ட வேண்டும்.

வெட்டாமலே செய்வது இன்னும் நல்லது. ஒயர்களைக் கூரை மரத்தின் ஓரமாகக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் குழாய் வழியாகக் கீழே இறக்குங்கள். குழாயைப் பிடிக்க மூன்றடிக்கு ஒரு சிறு மரக்கட்டை போதும். சுவிட்ச் பெட்டிக்கு முன்பு சொன்ன முறையில் இரண்டு கட்டை பதித்து, அதன்மேல் ஒரு பலகை அடித்து, பலகையில் பெட்டியை முடுக்குங்கள். பிளக் செருகிப் பிடுங்கும் இடத்தில்தான் இழுப்பு அதிகம். அந்தப் பெட்டிக்கு நான்கு கட்டை வையுங்கள்.

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மின்பெட்டி எதுவும் வேண்டாம், அடிச்சுவர்தான் மழைக்காலத்தில் ஈரம் ஏறும் இடம். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம் வேண்டும். மண்வீட்டுக்கு இது விருப்பச் செலவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தண்ணீர்க் குழாய், கைகழுவும் தொட்டி, வாட்டர் ஹீட்டர்?

மண்சுவருக்குள் தண்ணீர்க் குழாயைப் பதிக்கவே கூடாது. ஊசித் துளை அளவுக் கசிவு போதும்; வெளியே ஈரம் தெரிவதற்குள் உள்ளே மண் கூழாகியிருக்கும். குழாயைச் சுவருக்கு வெளியே, தரையில் ஊன்றிய கம்பத்தில் கட்டிக் கொண்டுவாருங்கள். கைகழுவும் தொட்டிக்குக் கால் வைத்த வகையை வாங்குங்கள்.

15 லிட்டர் ஹீட்டரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ; பெட்டியின் எடை தனி. அதைத் தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் ஏற்றுங்கள். முடிந்தால் குளியலறையையே தனியாகச் சுட்ட செங்கலில், வீட்டுச் சுவரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

பழைய ஆணிக் குழிகளையும் உதிர்ந்த பூச்சையும் எதைக் கொண்டு நிரப்புவது?

அதே மண்ணைக் கொண்டு. சுவரிலிருந்து உதிர்ந்ததையே சேர்த்து வைத்து, ஊறவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். இப்படித் திரும்ப எடுத்தாளக்கூடிய கட்டுமானப் பொருள் வேறு எது இருக்கிறது?

புது மண் என்றால் ஒரு கண்ணாடிப் புட்டியில் சோதித்துப் பாருங்கள். பாதிவரை மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் அதன்மேல் படியும், களி மறுநாள் வரை மெல்ல இறங்கும். அடியில் மணல் ஏறக்குறைய முக்கால் பங்கு இருந்தால் நல்ல பூச்சு மண். களி கூடுதலாக இருந்தால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும், மணல் சேருங்கள். கரிசல் மண் வேண்டாம், ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் பிளக்கிற மண் அது. செம்மண்ணும் புற்றுமண்ணும் உத்தமம்.

மண்ணை விரல்நீள வைக்கோலோடு நனைத்து நான்கைந்து நாள் புளிக்க விடுங்கள். நாளுக்கு ஒருமுறை மிதித்துவிடுங்கள். வைக்கோல் நைந்து, ஒரு புளித்த வாடை வரும்போது பதம் வந்துவிட்டது. கடைசிப் பூச்சுக்கு வைக்கோலுக்குப் பதில் உமியும் சாணமும். நிரப்பும் குழியை முதலில் நனைக்க மறக்காதீர்கள். காய்ந்த சுவர் புது மண்ணின் ஈரத்தை ஒரே நொடியில் குடித்துவிடும், ஒட்டு பிடிக்காது.

சுவர் முழுவதற்கும் சிமென்ட் பூச்சு பூசலாமா என்பதும் இதோடு சேர்ந்தே வரும் கேள்வி. மண்சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் அங்கேயே அடைபடும். சில ஆண்டுகளில் பூச்சு பலகை பலகையாக விழும், பின்னால் இருக்கும் மண் இளகியிருக்கும். சுண்ணாம்பு பூசுங்கள்.

பதித்த மரத்தைக் கரையான் அரிக்காதா?

அரிக்கும், நீங்கள் கவனிக்காவிட்டால். போரிக் பவுடரை வெந்நீரில் கரைத்து மரத்தை ஊறவைத்துக் காயவிட்டு, பிறகு எண்ணெய் பூசலாம். முந்திரிக்கொட்டை எண்ணெய் கிடைத்தால் அது மிக நல்லது, ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும்; கையுறை போடுங்கள். ஆண்டுக்கு இருமுறை விளக்கு எடுத்துக்கொண்டு சுவரடி முழுவதும் நடந்து பாருங்கள். சுவரின் மேல் பென்சில் கனத்துக்கு மண்குழாய் ஏறியிருந்தால் அதுதான் அவற்றின் வழி.

விரிசல் இருக்கிறது. எப்போது பயப்பட வேண்டும்?

விரிசலின் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைக் கஞ்சி தடவி ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் காகிதம் கிழியாமல் இருந்தால் அது பழைய விரிசல். கொஞ்சம் அகலப்படுத்தி, நனைத்து, மண் அடைத்துவிடலாம். காகிதம் கிழிந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

கதவு, சன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், பெரும்பாலும் திறப்புக்கு மேலே குறுக்காகப் போட்ட மேற்கட்டை இரு பக்கமும் போதிய நீளம் சுவரில் உட்காராததால் வருவது. மண்கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்காக 1993-இல் வெளியான இந்தியத் தர வழிகாட்டி ஐ.எஸ். 13827, மேற்கட்டை ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 சென்டிமீட்டர் உட்கார வேண்டும் என்கிறது. பழைய வீடுகளில் ஒரு சாண்கூட இருப்பதில்லை. இதைச் சரிசெய்யக் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மண்வேலை தெரிந்த கொத்தனார் இல்லாமல் முயலாதீர்கள்.

சுவரின் அடி அரித்து உள்ளே குழிந்திருந்தாலோ, நடுச்சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, தொடர்மழையில் சுவரடி கையால் அழுத்தினால் அமுங்கினாலோ, அந்த அறையில் அன்றிரவு யாரையும் படுக்க வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண்சுவர் இடிந்து உறக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். முன்பே அறிகுறி காட்டாமல் விழும் சுவர் குறைவு. மண்வீட்டை எவ்வளவு நேசித்தாலும் இந்த ஒன்றில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

புதிதாக மண்வீடு கட்டுகிறோம். இந்தத் தொல்லை வராமல் முன்பே என்ன செய்யலாம்?

சுவர் எழும்போதே கட்டைகளை வைத்துக் கட்டிவிடுங்கள். இதைவிடச் சிறந்த வழி இல்லை. சமையலறையில் எங்கே அலமாரி, எங்கே சுவிட்ச், எங்கே துணிக்கொடி என்று முன்பே காகிதத்தில் குறித்து, அந்தந்த வரிசையில் செங்கல்லுக்குப் பதிலாக மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டே போகலாம். கட்டிமுடித்த பிறகு குடைந்து பதிப்பதைவிட அது பல மடங்கு உறுதி.

உலகில் இதை மிக அழகாகச் செய்து காட்டியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஜென்னே ஊர்க்காரர்கள். 1907-இல் கட்டிமுடிக்கப்பட்ட அவர்களுடைய பெரிய பள்ளிவாசல் முழுக்க முழுக்க மண். அதன் சுவர்களிலிருந்து கட்டுக்கட்டாக மரக்கழிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அலங்காரம்போலத் தெரியும். ஆண்டுதோறும் ஊரே கூடிப் புது மண் பூசும்போது, ஆட்கள் ஏறி நின்று வேலை செய்வது அந்தக் கழிகளின் மேல்தான். அவை பனை. நம்முடைய பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லத்தக்க ஆப்பிரிக்கப் பனை. முதன்முதலாக அதன் படத்தைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பனங்கைகளைப் பார்த்தேன்.

இந்த வேலைகளுக்கு உகந்த மாதம் எது?

மாசி, பங்குனி. மழை ஈரம் வடிந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிருக்காது. சித்திரை வெயிலில் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அப்போது செய்ய நேர்ந்தால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள்.

பொருத்தியது உறுதியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மாட்டப் போகும் பொருளின் எடையைப்போல இரண்டு மடங்கைத் தொங்கவிடுங்கள். இதற்குத் தண்ணீர்க் குடத்தைவிட நல்ல தராசு கிடையாது: ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐந்து கிலோப் பொருள் என்றால் பத்து லிட்டர் ஊற்றித் தொங்கவிட்டு, கட்டையின் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு நாள் வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் நடமாடட்டும், கதவு சாத்தட்டும், பிள்ளைகள் ஓடட்டும். மூன்றாம் நாள் காலை கோட்டைப் பாருங்கள். கட்டை அதிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தாலும் பிடுங்கிவிட்டு, குழியை இன்னும் ஓர் அங்குலம் ஆழமாக்கித் திரும்பப் பதியுங்கள். விலகாமல் இருந்தால் குடத்தை இறக்கிவிட்டுப் பொருளை மாட்டலாம்.